நாலு மணி வெயில்

செருப்பைக் கழற்றச் சொல்வது என் வேலை.
இந்தப் பாறையில் காலுறையோடுதான் ஏறலாம்.
நியூஃபவுண்ட்லாந்தின் தெற்கு முனை.
மூடுபனியில் வேறு முனையென்று நம்பி
மோதிச் செத்த கப்பல்கள் கீழே கிடக்கின்றன.

ஐம்பத்தாறு கோடி ஆண்டுக்கு முன்
கடலடியில் எரிமலைச் சாம்பல் விழுந்து
இவற்றைப் போர்த்தியது.
வாயில்லை. குடலில்லை.
இலை மாதிரி, ஆனால் இலையில்லை.
"அப்படியானால் என்ன?" என்பார்கள்.
பதினான்கு வருடமாய்த் தெரியாது என்று சொல்லியே
சம்பளம் வாங்குகிறேன்.

ஜூலையில் ரோவெனா வந்தாள், ஆய்வுக்காரி.
பகல் முழுக்கப் பாறையில் குப்புறக் கிடந்தாள்.
கரையேறிய சீல் என்றான் டெர்மட்.
நாலு மணிக்கு வெயில் சாய்ந்தது.
"பிரைடி, இங்கே குனி."

நூல்.
இலைக்கும் இலைக்கும் நடுவே மயிரிழைத் தடம்.
ஒன்று என் உயரத்தையும் தாண்டி ஓடியது.

நீள்தூண்டில் கயிற்றுக்குச் சிக்கெடுத்தே தேய்ந்த கை இது,
இதன்மேல்தான் தினமும் நடந்திருக்கிறேன்.
கோபம் வந்தது; யார்மேல் என்று பிடிபடவில்லை.

இரை கடத்தவா, சேதி சொல்லவா, வெறும் பிடிமானமா?
அவளுக்கும் தெரியாதாம்.

இதே இலைகள்
இங்கிலாந்தில் ஒரு காட்டுப் பாறையிலும் உண்டு.
நடுவே அட்லாண்டிக்,
வருடத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் விலகுகிறது.
என் மகன் ஆல்பர்ட்டா போக
ஒரு ராத்திரி போதுமாயிருந்தது.

மறுநாள் மூடுபனி.
பதினொரு பேரைக் கூட்டிப்போய்
"இதோ, நூல்" என்றேன்.
மரியாதைக்குத் தலையாட்டினார்கள்.
எனக்கும் தெரியவில்லை அன்று.
ஆனாலும்
சுற்றிப்போய் மிதித்தேன்.