நீங்களாக ரத்து செய்தால்

காதர்பேட்டைப் பின்சந்து, இரண்டாம் மாடி.
கீழே ஓவர்லாக் ஓட ஓட
மேசைமேல் டம்ளர் நடுங்குகிறது.
இரவு பதினொன்றே காலுக்குக்
கணக்கைத் திறக்கிறேன்:
தொண்ணூற்றோராயிரத்து நானூறு மைல்.
மார்ச் முப்பத்தொன்றோடு காலாவதி.

பதினோரு வருசத்துச் சேர்மானம்.
ஒவ்வொரு மைலையும் எனக்கு அடையாளம் தெரியும்.
இது இருபத்துமூன்று கிலோ சாம்பிள் பெட்டி.
இது, கழுத்துப்பட்டி அரை சென்டி கூடுதலென்று
பிராங்க்பர்ட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது.
இது தோகாவில், பாதி ராத்திரி,
நாற்காலிக் கைப்பிடியில் தலை சாய்த்தது.

கப்பல் தவறிய வருசம்
நாலாயிரம் பனியன்
எங்கள் செலவில் பறந்தன.
அதற்கு ஒரு மைலும் ஏறவில்லை;
அட்டைப்பெட்டிக்கு உறுப்பினர் எண் கிடையாது.
முதலாளி நாச்சிமுத்து அன்றைக்குச் சொன்னார்:
"துணி பறக்குது அம்மிணி, நாம நடப்போம்."

போர்த்தோவில் ஆறு தரம் இறங்கியிருக்கிறேன்.
அங்கே ஓர் ஆறு உண்டாம்.
நான் பார்த்தது ஷோரூம், மாடிப்படி,
பொத்தான் பிய்த்துப் பார்க்கும் ஓர் இயந்திரம்.

ஆகவே மே பதினாலு, இரண்டு இருக்கை:
ஒன்று எனக்கு,
ஒன்று கட்டிங் மாஸ்டர் மோகனசுந்தரத்துக்கு.
என்னைக் கட்டியவர்.
உயரம் என்று அவர் ஏறியது சென்னிமலைப் படிகள் மட்டும்.
தொண்ணூறாயிரம் மைல் போக, வரி முப்பத்தெட்டாயிரம் ரூபாய்.
"ஓசின்னு சொன்னயே?" என்றார்.
பேசாமல் கார்டை எடுத்தேன்.

ஏப்ரலில் முதல் மெயில்.
பீளமேட்டு விமானம் பத்து நிமிடம் முந்திக் கிளம்பும்.
சரி.
இரண்டாவது: நாற்பது நிமிடம் பிந்தும்.
அதுவும் சரி.
மூன்றாவதில்
மும்பை சேர்வது ஒன்று ஐம்பத்தைந்து;
மும்பையிலிருந்து கிளம்புவது ஒன்று இருபது.
பயணம் உறுதி, என்று கீழே எழுதியிருந்தது.
ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு பச்சைப் பொத்தான்.

அமுக்கவில்லை.
விதியைப் படித்தேன், ஆர்டர் தாளைப் படிக்கிற மாதிரி,
பொடி எழுத்திலிருந்து மேல்நோக்கி.
நீங்களாக ரத்து செய்தால் பிடித்தம்.
நாங்களாக மாற்றினால் முழுதும் திரும்ப வரும்.
ஆனால் காலாவதியான மைல்
திரும்பி வந்த அன்றே காலாவதி.
பொணத்தைக் கழுவிக் கையில் கொடுக்கிறார்கள்.

"ஏம்புள்ள, மொத நாளே ரயிலேறி
மும்பை போயிட்டா என்ன?"
கேள்வி நியாயம்தான்.
முதல் விமானத்தில் ஏறாதவருக்கு
மற்ற விமானங்களும் இல்லை என்பது
பதினேழாம் பிரிவு.
அவர் கத்தரிக்கோலைத் துடைத்தபடி,
"அப்ப முன்பக்கம் வெட்டுத் தப்புனா
முதுகும் போச்சுங்கறான்," என்றார்.

நாற்பத்தேழு நிமிடம் போனில் ஒரே வாத்தியம்.
பிறகு ஷ்ரத்தா என்றொரு பெண்.
"சிஸ்டத்தில் கன்ஃபர்ம்ட் மேடம்."
"ஒன்று ஐம்பத்தைந்துக்கு இறங்கி
ஒன்று இருபதுக்கு எப்படி ஏறுவதம்மா?"
அவளும் கூட்டிப் பார்த்திருப்பாள்.
அந்தப் பக்கம் கீபோர்டுச் சத்தம்,
யாரோ இருமினார்கள்.
கத்தவில்லை நான்.
பையரிடம் கத்தி ஜெயித்தவர் இந்த ஊரில் யாருமில்லை.
தேதி, எண், பிரிவு,
திரும்ப ஒரு தரம் தேதி.

"கொச்சியிலிருந்து ஆகுமா?"
அவள் கேட்டு முடிக்குமுன் ஆகும் என்றேன்.

கொச்சியென்றால் பாலக்காட்டுக் கணவாய்,
ஆறு மணி நேரத்துக்குள் ரயில்.
அவருக்கு அதுவே பெரிய சேதி.
டேப்பை எடுத்துப் பெட்டியை அளக்கிறார்:
நீளம், அகலம், சக்கரத்தோடு உயரம்.
ஒரு முத்திரையும் விழாத பாஸ்போர்ட்
பேட்டர்ன் அட்டைகளுக்கு நடுவே கிடக்கிறது,
சுருங்காமல் இருக்கட்டுமென்று.

விடியக்காலம் இன்னொரு மெயில்.
கொச்சி விமானம் ஐந்து நிமிடம் தள்ளி.
ஐந்து நிமிடத்துக்கு விதி ஏதுமில்லை.
பச்சையை அமுக்கினேன்.