அரை நூல்

எட்டு நூல் சேர்ந்தால் ஒரு இன்ச்.
தச்சருக்கும் கொத்தனாருக்கும் எனக்கும்
இங்கே அதுதான் கணக்கு.
ஊசியில் கோப்பது வேறு நூல்.
பேர் ஒன்றாகிவிட்டது,
சமயத்தில் குழப்பும், அவ்வளவுதான்.

கொருக்குப்பேட்டை கேட்டிலிருந்து மூன்றாவது வீடு.
கூட்ஸ் வந்தால் மேசை நடுங்கும்.
சாக்பீஸைத் தூக்கிக்கொண்டு நிற்பேன்.
நாற்பத்திரண்டு பெட்டி என்றால்
நாற்பத்திரண்டும் போகட்டும்.
நடுங்கிப் போட்ட கோட்டையும்
கத்திரி நம்பிவிடும், அதற்கென்ன தெரியும்.

எம்.சி. ரோட்டில் கிலோ கணக்கில் வாங்கிய கட்பீஸ்.
பாதி லுங்கிக் கட்டம், பாதி பூப்போட்ட காட்டன்.
ராத்திரி முழுக்க ஊறும்.
லாரித் தண்ணீர் இரண்டு குடம் அதற்கே போய்விடும்,
வீட்டில் திட்டு விழும்.
சுருங்குகிறது இப்போதே சுருங்கட்டும்.
தைத்த பிறகு சுருங்கினால்
போர்வைக்கு முகம் கோணிக்கொள்ளும்.

காய்ந்ததும் தேய்க்கணும். இழுக்கக் கூடாது,
பெட்டியை வைத்து வைத்து எடுக்கணும்.
ஓரத்தில் ஒரு இழையை உருவினால்
பாவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று துணியே சொல்லும்.
கட்டத்தை நம்பி வெட்டினால் போச்சு:
தறியில் அது நேர்தான்,
மடித்து அடுக்கி என் கைக்கு வருவதற்குள் கோணல்.
ஒரு துண்டு ஐந்தரை இன்ச்.
இரண்டு பக்கமும் கால் கால் இன்ச்
தையலுக்குள் போனால் ஐந்து நிற்கும்.
சாக்பீஸ் கோட்டுக்கும் ஒரு கனம் உண்டு,
உள்விளிம்பில்தான் கத்திரி போகணும்.
இதெல்லாம் ஷம்ஷாத்துக்கும் தெரியும்.

வரிசைக்குப் பத்துத் துண்டு, பத்து வரிசை.
ஒற்றைப்படை எனக்கு, இரட்டைப்படை அவளுக்கு.
அவள் வீட்டில், அவள் மேசையில், அவள் டேப்பில்.

ஞாயிற்றுக்கிழமை சேர்த்து வைத்துப் பார்த்தோம்.
முதல் மூலை பொருந்தியது.
இரண்டாவதும் பொருந்திய மாதிரிதான்.
ஐந்தாவதில் ஷம்ஷாத் குனிந்தாள்.
பத்தாவதில் என் வரிசை
ஐந்து நூல் வெளியே நின்றது,
ஷேர் ஆட்டோவில் ஓரம் கிடைத்தவரின்
முழங்கால் மாதிரி.

"இன்னாக்கா, கோட்டுக்கு வெளியே வெட்டிட்டியா?"
"நீதான் உள்ளே தள்ளி வெட்டியிருப்பே."
டீ ஆறிப்போச்சு.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தேவநேசன் லேத் பட்டறை.
எண்ணெய் துடைத்து ஸ்டீல் ஸ்கேலைக் கொடுத்தான்.
அதன்மேல் இரண்டு டேப்பையும் படுக்க வைத்தோம்.
ஷம்ஷாத்துடையது அச்சாக நின்றது.
என்னுடையது
அடிக்கு ஒரு நூல் சொச்சம்
நீண்டு கிடந்தது.

பதினோரு வருஷம்.
எத்தனை மார்பு, எத்தனை இடுப்பு,
மூச்சை அடக்கி நின்ற எத்தனை வயிறு,
சுற்றிச் சுற்றி இழுத்ததில்
அதுவும் தளர்ந்திருக்கிறது.
ஆனால் ஒருத்தியும்
பிடிக்குது, தொளதொளங்குது என்று
ரவிக்கையைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லையே.

திரும்பும்போது கேட் மூடியிருந்தது.
பைக்குகளுக்கு நடுவில் நின்றபடி பிடிபட்டது.
அளந்ததும் அந்த டேப். வெட்டியதும் அந்த டேப்.
ஒரே பொய்யில் அளந்து
அதே பொய்யில் வெட்டினால்
பொருந்தத்தான் செய்யும்.
இன்னொருத்தி வெட்டியதோடு
சேர்த்து வைக்கிற வரைக்கும்.

ஷம்ஷாத்திடம் சொன்னேன். சிரித்தாள்.
"அப்ப நான்தான் கெடுத்தேன்றியா?"

ஐம்பது துண்டையும் பிரித்தேன்.
அரை அரை நூலாக நறுக்கினேன்.
விழுந்ததைத் துணி என்றும் சொல்ல முடியாது,
இழை என்றும் சொல்ல முடியாது.
கையளவு சேர்ந்தது.
அவள் அள்ளி, ஊசி குத்தி வைக்கும்
குட்டி மெத்தைக்குள் அடைத்துக்கொண்டாள்.

ஆணியில் இப்போது இரண்டு டேப்.
புதுசு போர்வைக்கு.
பழசை எறிய முடியவில்லை.
அல்போன்சா, முப்பத்தாறு என்று
நோட்டில் எழுதியிருக்கிறதே,
அது இந்த டேப்பின் முப்பத்தாறு.

நேற்று அவசரத்தில் மாற்றி எடுத்துவிட்டேன்.
கோடு போட்டாச்சு, கத்திரியும் திறந்தாச்சு.
நல்லவேளை,
கூட்ஸ் வந்தது.