ஏழாவது குழி

காரைக்குடி கல்லுக்கட்டி முனையில்
ஐந்தரைக்கு அடுப்பு பற்றவைப்பேன்.
அன்றைக்கு ஆறு மணி இருக்கும்,
ஒரு பெண் வந்து நின்று சிரித்தாள்,
என்னைப் பார்த்து அல்ல
பணியாரக் கல்லைப் பார்த்து.

முதுகில் மூட்டை, கழுத்தெல்லாம் வேர்க்குரு,
கையில் பாதி தின்ற கொய்யா.
வியட்நாமாம். பெயர் ஙுயெட்.
ஒன்றாம் வகுப்புக்குப் பிறகு
புள்ளி வைக்காத ங எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.
நாற்பத்தாறு வயதில்
அது தானாக நடந்து வந்து
என் பெஞ்சில் உட்கார்ந்து
இரண்டு தட்டு காரப் பணியாரம் கேட்டது.

தின்றுகொண்டே செல்போனைத் திருப்பிக் காட்டினாள்.
அவள் ஊர்த் தெரு. நடைபாதையில்
முழங்கால் உயரம்கூட இல்லாத நாற்காலிகள்.
பெரிய மனிதர்களெல்லாம்
பால்வாடிப் பிள்ளைகள்போல் குந்தியிருக்கிறார்கள்.
நடுவில் ஒருத்தி. அவள் முன்னால்
இதே கல். இதே குழி. இதே எண்ணெய்த் துணி.
மஞ்சள் கரைத்த மாவில்
குழிக்கு ஓர் இறால்
குளிக்க இறங்கியதுபோல் சுருண்டு கிடக்கிறது.
பக்கத்தில் கூடை நிறைய இலை.
பணியாரத்தை இலையில் சுருட்டித் தின்பார்களாம்.
மீன் வாடை அடிக்கிற இலைகூட ஒன்று உண்டாம்.

போனில் ஏதோ பேசினாள்.
போன் தமிழில் சொன்னது:
"உங்கள் குழி என் அம்மாவின் குழி."
சாவு வீட்டில்கூட யாரும் இப்படிப் பேசமாட்டார்கள்.
ஆனாலும் எனக்குப் புரிந்தது.

பிறகு பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து
கடைசிப் பணியாரத்தின் மேல் ஒரு சொட்டு விட்டாள்.
ஆட்டோ பெரியகருப்பன் மூக்கைப் பொத்திக்கொண்டு
"அண்ணே, எலி செத்துக் கெடக்கு" என்றான்.
என் மனைவி அடைக்கலம்
சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்து
கண்ணை மூடித் திறந்தாள்.
"நெத்திலிக் கருவாடு. தண்ணியாக் கரைஞ்சு நிக்கிது.
அம்புட்டுத்தான்."

மறுநாள் திங்கள். சந்தை.
தொண்டிக் கூடையில் பொடி இறால் கால் கிலோ.
பச்சரிசி, தேங்காய்ப் பால், மஞ்சள்.
உளுந்து கிடையாது என்று போன் அடித்துச் சொல்லியிருந்தது.
இலைக்கு என்ன செய்ய?
பூக்காரியிடம் திருநீற்றுப்பச்சை வாங்கினேன்.
"எந்தச் சாமிக்கு?" என்றாள்.
இறாலுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

உளுந்தில்லாத மாவு கோபக்காரச் சம்பந்தி,
ஒட்டினால் விடாது, விட்டால் சேராது.
முதல் ஈடு முழுவதும் சுரண்டி நாய்க்குப் போட்டேன்.
அது மோந்து பார்த்துவிட்டு
என்னை ஒரு பார்வை பார்த்தது.
இரண்டாம் ஈட்டில் ஓரம் முறுகி
ஏழும் முழுசாக எழும்பி வந்தன.

அவள் முதலாவதை இலையில் சுருட்டி
ரொம்ப நேரம் மென்றாள்.
தலையை ஆட்டினாள். இல்லை.
போன் சொன்னது: "இது அது அல்ல."
கொஞ்சம் தயங்கி, மறுபடி:
"அது இங்கே வந்தால் இப்படி இருக்கும்."
மிச்சம் ஆறையும் தின்றாள்,
வரமிளகாய்ச் சட்னியில் முக்கி முக்கி,
மூக்கு ஒழுக ஒழுக.

நாற்பது ரூபாய் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.
இறால் என்ன விலை விற்கிறது!

காலையில் ராமேஸ்வரம் போய்விட்டாள்.
குப்பி பெஞ்சிலேயே இருந்தது.
மறந்தாளா, வைத்தாளா, தெரியாது.
நம் எழுத்துக்குத் தலையில் மட்டும் புள்ளி.
அந்தச் சீட்டில் இருக்கிற எழுத்துக்கோ
காலடியிலும் புள்ளி,
சில தலையில் கொக்கி, குல்லாய்.
வாசிக்கத் தெரியாமல் அடிக்கடி பார்க்கிறேன்.

கடை கட்டுகிற நேரத்தில், கடைசி ஈட்டில்,
ஏழாவது குழிக்கு மட்டும்
ஒரு சொட்டு விடுகிறேன்.
நேற்று பெரியகருப்பன்
ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு வந்து நின்றான்.
அக்கம்பக்கம் பார்த்து,
குரலைத் தாழ்த்தி,
"அண்ணே, அந்த எலி இருக்கா?"

குப்பியில் இன்னும் விரற்கடை அளவுதான்.
அவனிடம் சொல்லவில்லை.