தொண்ணூற்றொன்பது

உலான்பாத்தரில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
கதவு திறக்கும்போதெல்லாம்
ஆளுக்கு முன்னால் ஆவி நுழையும்.
நாலு பத்துக்கு நுழைந்த ஆவிக்குப் பின்னால்
மூன்று பேர்.
மூவரையும் இழுத்துவந்த
அடுத்த வேலி லாரிக்காரர் ஒருவர்.

தலைவலி என்றாள் அவள்.
வாசலிலேயே வாந்தியெடுத்தது குழந்தை.
அவன் ஒன்றும் சொல்லவில்லை,
அவன் சட்டைதான் சொன்னது: வோட்கா.
மச்சானுக்குப் பிறந்தநாளாம்.

அவன் விரலில் கிளிப்பை மாட்டினேன்.
தொண்ணூற்றொன்பது.
அவளுக்கும் அதே.
குழந்தையின் விரலில் நழுவியது,
பிடித்துக்கொண்டேன்,
தொண்ணூற்றொன்பது.
மூன்று முகமும் சிவந்து
இப்போதுதான் வெயிலில் விளையாடிவிட்டு வந்தவை போல.
பச்சைச் சீட்டு ஒட்டினேன்.
பச்சை என்றால் காத்திருக்கலாம்.
சிவப்பு ஏற்கெனவே ஐந்து இருந்தன,
பனியில் சறுக்கிய ஒரே பேருந்திலிருந்து.

பட்டையில் எழுதப் பெயர் கேட்டேன்.
எனெபிஷ், என்றாள்.
எங்கள் மொழியில் 'இவனில்லை' என்று அர்த்தம்.
முன் பிறந்தவை தங்காத வீட்டில்
இப்படி வைப்பார்கள்.
தேடி வருவது வாசலில் நின்று கேட்டால்
பெயரே பதில் சொல்லி
அனுப்பிவிடும்.
எழுதினேன். வயது முப்பத்துநாலு. ஒவ்வாமை தெரியாது.

பதினொரு நிமிடம் அவர்கள் பெஞ்சில்.
நான் இரண்டு கைகளுக்குக் கட்டுப்போட்டேன்,
ஒரு தாடையைத் தாங்கிக்கொண்டேன்,
டாக்டர் ஒர்கிலுக்கு நூல் கத்தரித்தேன்.
லாரிக்காரர் பின்னாலேயே வந்தார்.
வண்டி கிளம்பவில்லை,
பேட்டரி ஒயர் கேட்கத்தான் அவர்கள் கூடாரத்துக்குப் போனேன்,
தட்டினேன், திறக்கவில்லை,
பால்வண்டியை மறித்து ஏற்றி வந்தேன்.
சரி ஐயா, உட்காருங்கள்.
நாய்க்குட்டிகூட எழுந்திருக்கவில்லை, தங்கச்சி.

நூல் என் கையில் நின்றது.

நாய் வோட்கா குடிக்காது.
மச்சான் பிறந்தநாளுக்கு
நாய் போகாது.

அடுப்புப் புகை ரத்தத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டால்
கிளிப்புக்கு வித்தியாசம் தெரியாது.
இருக்கையில் ஆள் இருக்கிறதா என்றுதான் பார்க்கும்,
யார் என்று பார்க்காது.
இது எனக்குத் தெரியும்.
பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.
பத்துக்குப் பத்து.

சுவரில் ஆக்சிஜன் வாய் இரண்டு.
குழந்தை குலானுக்கு ஒன்று, அவள் அம்மாவுக்கு ஒன்று.
அவனுக்கு சிலிண்டர்.
அதன் சாவி தொலைந்துபோகும் என்று
கயிற்றில் கோத்து நான்தான் கழுத்தில் போட்டிருந்தேன்.
இழுப்பறை இழுப்பறையாகத் தேடினேன்.
டாக்டர் என் கழுத்தைக் காட்டினார்.
ஊசிக்குழலில் ஏறிய ரத்தம்
அழகாக இருந்தது.
அப்படி இருக்கக் கூடாது.

ஐந்தரைக்கு மாஸ்க்கைத் தள்ளிவிட்டு
வீறிட்டாள் குலான்.
யாரும் அடக்கவில்லை.
பேருந்துக்காரர்கள்கூட முனகலை நிறுத்திக் கேட்டார்கள்.
அவனை மேல்மாடிக்கு ஏற்றினார்கள்.
லிஃப்ட் மூடும்போது
கட்டில் விளிம்பில் கை தொங்கியது,
பட்டை தெரிந்தது,
என் கையெழுத்தில் 'இவனில்லை'.
கேட்டிருக்குமா அது?
கேட்டாலும் நம்பியிருக்குமா?

பதிவேட்டில் இரண்டு கட்டங்கள்.
வந்த நேரம்.
ஆக்சிஜன் தொடங்கிய நேரம்.
நாலு பன்னிரண்டு என்று போடேன் துல்மா,
என்றார் பெரிய நர்ஸ்
உப்புத் தேநீரை என் பக்கம் நகர்த்தி.
அன்பாகத்தான்.
நாலு இருபத்தொன்று என்று எழுதினேன்,
அடுத்த தாளிலும் தடம் விழும்படி.

லாரிக்காரர் இன்னும் பெஞ்சில்,
தொப்பி மடியில், வாய் திறந்து தூக்கம்.
நாய்க்குட்டியின் பெயரைக் கேட்க நினைத்தேன்.
எழுப்பவில்லை.

கிளிப்பை ஸ்பிரிட்டால் துடைத்தேன்.
அதன் வாய்க்குள்
என் விரலை வைத்தேன்.
தொண்ணூற்றொன்பது.