ஏழு நாள், மூன்று கட்டம்

பனிச்சறுக்குக் காலணி வாடகைக்குத் தரும் அறையில்
ஒரு ஹீட்டர், ஒரு கெட்டில்,
போன மாதத்துக் குறுக்கெழுத்துப் புத்தகம்.
இந்தப் பக்கம் முழுக்க ஒரே சங்கதி:
கழிவு, அழிவு, இன்ன பிற.
தயாரித்தவர் யாரோ, எங்கள் ஊரில்
ரயில் மாறியிருக்க வேண்டும்.

இடமிருந்து வலம் ஒன்று: பிழிந்தபின் எஞ்சுவது.
சக்கை.
எண்ணெய்க் கல்லைச் சுட்டுப் பிழிந்த ஆலையில்
இருபத்தாறு வருஷம் நின்றவளிடம்
கேட்கிற கேள்வியா இது.

மேலிருந்து கீழ் நான்கு: இரும்பைத் தின்னும், பல் கிடையாது.
துரு.
ஐந்து: ஆளில்லாத வீடு. இரண்டே கட்டம்.
பாழ் என்று எழுதிவிட்டு
ஜன்னல் வழியே எங்கள் குடியிருப்பை எண்ணினேன்.
தாலினுக்கும் ஹெல்சின்கிக்கும் போனவர்கள் போக
அறுபது வீட்டில் ஒன்பதில் விளக்கு.
அதில் ஒன்று நான் அணைக்க மறந்தது.

என் பெயர் நினெல்.
ஒரு தலைவரின் பெயரைப் பின்னாலிருந்து படித்து
அப்பா வைத்தது.
கிரேன் வந்து சிலையைத் தூக்கிப்போன அன்று
ஃபோர்மேன் ஓலெவ் சொன்னான்:
"நீ தலைகீழாக இருந்ததால் தப்பித்தாய்."

ஓலெவ் இப்போது
இழுவைக் கம்பிக்குப் பொத்தான் அழுத்துகிறான்.
தேநீருக்காகக் குளிரோடு உள்ளே வந்தவனிடம்
"வீழ்ச்சி, மூன்று கட்டம், நடுவில் ரி" என்றேன்.
"சரிவு." கையுறையைக்கூடக் கழற்றவில்லை.
"மணிக்குப் பன்னிரண்டு யூரோ. குழந்தைக்கு எட்டு."

வெளியே சிவப்புக் குல்லாய்ப் பொடியன் ஒருவன்
அலறிக்கொண்டு இறங்குகிறான்
இயந்திரம் தூவிய பனிமேல்,
பனிக்குக் கீழே ஆலை கொட்டிய மலைமேல்.
அதற்குள் எங்கோ என் இரவு ஷிப்டுகள்.
அவனுக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆக வேண்டும்,
விழுந்தான், எழுந்தான்,
மறுபடி வரிசையில் நிற்கிறான்.

வலம் பதினொன்று: எரித்தபின்னும் இருப்பது. நான்கு கட்டம்.
பேனாவாலேயே எழுதினேன், சாம்பல்.
அதன் கடைசிக் கட்டத்தில் வந்து முடிகிறது
மேலிருந்து கீழ் எட்டு:
ஏழு நாள், மூன்று கட்டம்.
வா. ர. ல்.

மிச்சம் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள்.
மை அழியாது; தேய்த்தால் தாள்தான் கிழியும்.

ஆறு மணிக்குக் காலணிகள் திரும்பின,
ஒவ்வொன்றின் அடியிலும்
வெள்ளையாகத் தொடங்கிக் கறுத்த சேறு.
துடைப்பத்தை எடுத்தேன்.
திங்கள் முதல் ஞாயிறு வரை
வேறென்ன செய்கிறேன்.

வாரல்.
இருக்கட்டும்.