ஐம்பத்திரண்டு உருப்படிப் பெட்டி

வால்டிவியாவில் மழை நிற்பதில்லை,
இடையிடையே மூச்சு வாங்கும்.
அப்படி வாங்கிய ஒரு வெள்ளி மாலையில்
பிகார்ட்டே வீதியில் என் கடைக்குள்
சுண்ணாம்பு அப்பிய பூட்ஸோடு நுழைந்தார் எலிசேயோ,
சுவர் பூசுகிறவர்.
"கேக் அலங்கரிக்க என்னென்ன வேண்டும்?"
ஆஸ்பத்திரி வாசலில் வார்டு எண் கேட்பவரின் குரல்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் தயாராக இருக்கும் பதில்
ஐம்பத்திரண்டு உருப்படிகள் அடங்கிய பெட்டி.
மூடியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள்.
உள்ளே நாற்பது முனைகள்.
அவற்றில் முப்பத்தாறு
வாங்கியவர் வீட்டு இழுப்பறையில்
வெளிச்சமே காணாமல் துருப்பிடிக்கும்.
தெரியும்.
கடை வாடகையும் தெரியும்.

பெட்டியை நகர்த்தி வைத்தேன். அவர் திறக்கவில்லை.
சுவரில் தொங்கிய வளைந்த கத்தியை எடுத்தார்,
கழுத்து மடங்கியது, நுனி மழுங்கியது.
கட்டைவிரலில் அழுத்தி விட்டார்.
அது துள்ளி அடங்கியது.
"கரணை" என்றார்.
பக்கத்தில் தகட்டுச் சுரண்டி.
"இது மணியாசுக்கட்டை."
பழைய சகாக்களை
வேறு ஊர்ச் சந்தையில் பார்த்துவிட்டவர்போல
முகத்தில் ஒரு தெளிவு.

சுழல்மேசையைச் சுற்றிவிட்டு
வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.
"எங்களிடம் இது இல்லை.
சுவர் சுற்றாது. நாங்கள்தான் சுற்றவேண்டும்."
பிறகு சட்டைப்பையிலிருந்து
பென்சில் நீள ரசமட்டம் ஒன்றை உருவி
என் மேசைமேல் வைத்தார்.
குமிழி ஓரம் போனது.
"இடப்பக்கம் சாய்கிறது, அம்மணி."

பதினோரு வருஷம்
அந்த மேசையில்தான் கேக் பூசினேன்.
பதினோரு வருஷம்
என் கையைத்தான் திட்டினேன்.

பேச்சை மாற்றினேன்:
முதலில் மெல்லிய பூச்சு, துகள்களைப் பிடித்து வைக்க.
இருபது நிமிடம் குளிரில்.
அப்புறம்தான் இரண்டாவது...
மீனுக்குத் தண்ணீரை விளக்குகிறவளைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தார்.
"முதல் பூச்சு இறுகாமல்
மேற்பூச்சு எந்தச் சுவரில் நிற்கும்?"

பைப்பிங் பையைக் காட்டியபோதுதான்
பயந்தார்.
நட்சத்திர முனை, வட்ட முனை, இலை முனை,
மூன்று போதும் என்றேன்
(நானா சொன்னேன்?).
"சுவரில் எழுதிப் பழக்கமில்லையே."
யாருக்கு என்று கேட்டேன்.
நொல்ஃபாவுக்கு. மனைவி. இரவுப் பணித் தாதி.
ஐம்பதாவது பிறந்தநாளை மறந்துவிட்டாராம்.
பதினாறு நாளாய்ப் பேச்சில்லை.
ஆற்றங்கரை மீன்சந்தையிலிருந்து
கடல்சிங்கம் ஒன்று கத்தியது.
இருவருமே அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

திங்களன்று கைபேசியை நீட்டினார்.
சனி இரவு முழுக்க விழித்துச் செய்தது.
வெண்ணெய்க் க்ரீம் பக்கங்கள்,
புதிதாய்க் குடிபோகும் வீட்டின் மூலைபோல் நேராய்.
பூ இல்லை, மணி இல்லை.
மேலே வட்ட முனையால் பிறந்தநாள் வாழ்த்து,
முதல் எழுத்து யானை அளவு,
போகப்போகச் சுருங்கி,
விளிம்புக்கு வந்ததும்
கடைசி எழுத்துக்கு இடமே இல்லை.

அந்தக் கடைசி எழுத்தை
எங்கள் நாட்டில் யாரும் உச்சரிப்பதில்லை,
விழுங்கிவிடுவோம்.
ஞாயிறு காலை எட்டு மணிக்கு
நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல்
கேக்கில் எழுதியிருந்தபடியே
உரக்க வாசித்தாராம் நொல்ஃபா.
அதுதான் பேச்சு.
அப்புறம் பூட்ஸைத் துடைக்கச் சொன்னாராம்.

இலை முனையைப் பிரிக்காமல் திருப்பித் தந்தார்.
காசை எண்ணி நீட்டினேன்.
வாங்கிக்கொள்ள ஆள் எதிரே இல்லை.
கீழே குனிந்து, ஒரு கண்ணை மூடி,
என் மேசையின் இடக்காலடியில்
ஓட்டுச்சில்லு ஒன்றைச் செருகிக்கொண்டிருந்தார்.