யோசி

உறையைக் கவிழ்த்ததும்
சமையலறை மேசையில் உருண்டன மூன்று சுருள்கள்.
மஞ்சள் புள்ளி வைத்தது பதினொரு பவுண்டு.
பச்சை, பதிமூன்று.
சாயமே இல்லாதது பதினைந்து.
ஒட்டுத்தாளுக்குள் தனியாக இன்னொன்று,
பேனாவுக்குள் கிடப்பதைப் போல மெலிந்தது,
ஸ்ட்ரைக்கர் ஊசிக்கு, நாலு பவுண்டு.
ஜெர்மனியிலிருந்து கூஹ்மோவுக்கு ஒன்பது நாள்.
வெளியே கழித்தல் இருபத்திரண்டு.

ஹில்க்கா யுந்துனென் எனக்குப் பக்கத்து மேசை.
நான் பீங்கான் பல் சுடுகிறேன்,
அவள் பல் கட்டும் கம்பி வளைக்கிறாள்.
நவம்பரில் கடை வாசல் பனிக்கட்டியில் சறுக்கி
இடது மணிக்கட்டு முறிந்தது.
எலும்பு கூடிவிட்டது. பிடி கூடவில்லை.
ஆலை போட்டுக் கொடுத்த பதினேழு பவுண்டு
அவளுக்கு ஸ்லைடை விட்டுக்கொடுக்க மறுத்தது.
"பின்னால் இழுக்காதே, வலது கையால்
துப்பாக்கியை முன்னால் தள்ளு" என்றான் தௌனோ.
"அவனுக்கென்ன, மரம் அறுக்கிற கை" என்றாள்.

வில்லுக்கும் சுருளுக்கும் அவள் மொழியில் ஒரே சொல்.
நாம் சுருள்வில் என்கிறோம், கிட்டத்தட்ட அதேதான்.
ஆனால் அந்தச் சொல்லை அவள் சொல்கையில்
என் காதில் விழுவது: யோசி.
மூன்று யோசி வாங்கினேன் என்றாள்.
எந்த யோசி என்று தெரியவில்லை என்றாள்.

மஞ்சளை மாட்டினாள்.
சோப்புத் தேய்த்த இழுப்பறை போல வந்தது ஸ்லைடு.
இரண்டு தடவை பார்த்து, விரல் விட்டும் பார்த்து,
காலி என்று உறுதியானதும்
குழல் கூரையைப் பார்க்க நிமிர்த்தி
விசையை அழுத்திப் பிடித்தபடி
ஸ்லைடை இழுத்து மெல்ல மெல்ல விட்டாள்.
கடைசி நகத்தளவில் நின்றது.
மூடவில்லை.

ஒரு சுருள் கதவைச் சாத்தப் போகிறது,
ஊசிச் சுருள் அதே கதவில் முதுகைக் கொடுக்கிறது.
பெரியதை இளைக்க வைத்தால்
சின்னது ஜெயித்துவிடும்.
சரி, சின்னதையும் இளைக்க வை.
ஆலை ஊசிச் சுருளைக் கழற்றி நாலு பவுண்டைப் போட்டாள்.
க்ளக்.
மூடிக்கொண்டது.
அன்றிரவு நன்றாகத் தூங்கினாளாம்.

சனிக்கிழமை, மணல் குழி, போட்டி.
காலி உறைகள் முன்னைவிடத் தூரமாய்ப் பறந்தன,
ஸ்லைடு பின்சுவரில் மோதுவது
முழங்கைவரை கேட்டது.
மூன்றாவது கட்டத்தில் ஆறு இரும்புத் தட்டு.
ஒன்று, இரண்டு, மூன்று, விழுந்தன.
நான்காவதற்கு
டிக்.

வெடிக்கும் சத்தத்துக்குக் காதை மூடிப் பழகியவர்களுக்கு
அந்த டிக் எவ்வளவு பெரிய சத்தம் தெரியுமா என்றாள்.
காத்திருந்து, வெளியே தட்டி, தொடர்ந்தாள்.
ஆறாவதற்கு மறுபடி டிக்.
கைபேசியில் படம் காட்டினாள்:
ப்ரைமர் முகத்தில் ஒரு குழி,
பிசைந்த மாவில் நகம் பட்ட அளவு.
அந்த வருடத்து மலிவுத் தோட்டாவுக்குத்
தோல் தடிமன். தொட்டால் போதாது,
குத்த வேண்டும்.

நாற்பது கிராம் விசையில்
பதினான்கு வயதுப் பையனின் கோரைப்பல்லை
பத்து மாதத்தில் இடம் மாற்றுகிறவள்.
மெதுவாக, விடாமல், அதுதான் தன் தொழில் என்பாள்.
ஊசிக்கு அந்த அவகாசம் கிடையாது.

ஞாயிறு முழுக்க மேசையில் மாற்றிக்கொண்டிருந்தாள்.
பச்சையோடு ஆலை ஊசிச் சுருள்:
மூடியது, ஆனால் தயங்கி மூடியது,
விருந்தாளி போல.
வெளிக்குளிரில் எண்ணெய் கெட்டித்தால்?
அந்தக் கேள்வியோடு பச்சையும் உறைக்குள் போனது.

பதினைந்து. பழைய ஊசிச் சுருள்.
இருநூறு தோட்டா, ஒரு டிக்கும் இல்லை.
மணிக்கட்டு?
வலிக்கிறது என்றாள், கம்பியை வளைத்துக்கொண்டே.
அதனால் துப்பாக்கியை
முன்னால் தள்ளுகிறேன்.

மஞ்சள் புள்ளிச் சுருள் இப்போது அவள் மேசையில்,
இடுக்குகளில் ரசீதுகள் செருகி நிற்கிறது.
தௌனோ கேட்டால், என்றாள்,
பதினொன்றுதான் போட்டிருக்கிறேன் என்று சொல்.